லக்சபான: மலையின் உயரம் யாருக்கு வெளிச்சமானது?

தரம் 10 விஞ்ஞானத்தில வேலை, சக்தி, வலு எல்லாம் நாம படிச்சிருப்போம். பரீட்சை முடிஞ்சதும் மறந்தும் இருப்போம். ஆனா அந்தப் பாடம் நம்ம மலையில நடந்த ஒரு வரலாறும் கூட.

ஒரு சின்னக் கணக்கோட தொடங்குவோம். கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவின் திணிவு 50 கிலோ, கூடையில 20 கிலோ கொழுந்து என்று வைப்போம். மடுவத்துக்குப் போக அவர் 100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மொத்தத் திணிவை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் 68,600 யூல். புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்த வேலை இது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் யூல். அதாவது அந்த அம்மா 52 தடவை ஏறினால்தான் ஒரு யூனிட்டுக்குச் சமமான வேலை நடக்கும். குனிஞ்சு நிமிர்ந்து கொழுந்து கிள்ளுவதும், சமதரையில் கூடையைச் சுமந்து நடப்பதும் இந்தக் கணக்கில் சேராது.

இப்போ தண்ணியைப் பாருங்க. மழை அதை எந்தக் கூலியும் இல்லாமல் மலைக்கு மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. உயரத்தில் நிற்கும் தண்ணியில் அழுத்தசக்தி இருக்கிறது. கீழே விழும்போது அது இயக்கசக்தியாக மாறுகிறது. 1,000 லீற்றர் தண்ணி 400 மீட்டர் விழுந்தால், இழப்புகளைக் கழிக்காமல் பார்த்தால், ஒரு யூனிட்டை விடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும்.

இந்தக் கணக்கை நாட்டுக்கே போட்டுக் காட்டியவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். மஸ்கெலி ஓயா, கெஹல்கமு ஓயா ஆகிய இரண்டு ஆறுகளின் தண்ணியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் கட்டுரை வாசித்தார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றுபோனது. கடைசியில் 1950 இல்தான் லக்சபான மின் நிலையம் 25 மெகாவாட் வலுவோடு இயங்கத் தொடங்கியது. நோர்ட்டன் பிரிட்ஜில் தேக்கிய தண்ணி குழாய் வழியாக 400 மீட்டருக்கும் மேல் இறங்கி, சுழலிகளைச் சுற்றியது. கம்பி வழியாக மின்சாரம் கொழும்புக்குப் போனது.

அந்த வருடத்துக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது. அதனால் மலையிலிருந்து மின்சாரம் கீழே இறங்கிய நேரத்தில், அந்த மலையில் உழைத்தவர்களுக்கு அது எங்கே போக வேண்டும் என்று கேட்கவே வழியில்லை. நாட்டுக்கு வெளிச்சம் தந்த அதே மலைகளில் எத்தனையோ லயங்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கில்தான் இருந்தன.

அணைகள் கூடின. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் அதன் கீழே 50 மெகாவாட் விமலசுரேந்திர மின் நிலையமும் வந்தன. அங்கே விழுந்த தண்ணி நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் போய், லக்சபானவுக்கு இன்னொரு தடவை விழுகிறது. ஒரே தண்ணி, உயரம் மிச்சமிருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப வேலை செய்யும். 1960களின் கடைசியில் மவுஸாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலின் கட்டடம் இன்றும் வெளியே தெரியும்.

சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத்தான் முடியும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. அது சரிதான். ஆனா மாறிய சக்தி யார் வீட்டுக்கு முதலில் போகும் என்பதைப் பௌதிகவியல் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானித்தது சட்டமும் வாக்கும். அந்த இரண்டும் அன்று மலையகத்தின் கையில் இருக்கவில்லை. தரம் 10 பாடத்தை நடத்தும்போது லக்சபானவின் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால், உயரம் என்பது சூத்திரத்தில் வரும் வெறும் எழுத்தாக நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது.