நவமணிகளும் ஐம்பூதங்களும்

நவமணிகள் ஒவ்வொன்றும் ஒரு கோளுக்கு உரியதென்பதும், அக்கோளின் வழியே அது ஒரு பூதத்தின் இயல்பைப் பெறுமென்பதும் இன்று நம்மிடையே பெரிதும் வழங்கும் கொள்கையாகும். ஞாயிற்றுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புட்பராகம், வெள்ளிக்கு வயிரம், சனிக்கு நீலம், இராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்னும் முறையை அறியாதார் சிலரே. இது தொன்றுதொட்டு மாறாது வந்ததென்று பலரும் கருதுவர். நூல்களை ஒப்புநோக்குவார்க்கு அவ்வாறு தோன்றாது.

கி. பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் இதற்குச் சிறந்த சான்றாவர். அவர் தமது பிருகச்சாதகத்திற் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் ஐந்து கோள்களுக்கும் முறையே தீ, நிலம், ஆகாயம், நீர், காற்று என்னும் பூதங்களை உரிமையாக்கினார். மணிகள் கோள்களோடு சேர்க்கப்பட்டபோது இவ்வுரிமையும் உடன் சென்றது. பவளம் தீயின் தன்மையதாயிற்று; மரகதம் நிலத்தினதும், வயிரம் நீரினதும், நீலம் காற்றினதும் ஆயின. ஆயின் அதே நூலில் முத்து வெள்ளிக்கு உரியதாகக் கூறப்படுகின்றதேயன்றித் திங்களுக்கு அன்று. அவரது பிருகத்சங்கிதையோ 22 மணிகளைப் பெயர் சுட்டி, வயிரம், முத்து, பதுமராகம், மரகதம் என்னும் நான்கிற்கே இலக்கணம் விரிக்கின்றது. ஒன்பது என்னும் வரையறை அங்கு இல்லை. வயிரம் ஒன்றிற்கே வடிவும் நிறமும் பற்றித் தெய்வங்கள் பல வகுக்கப்பட்டுள்ளன: ஆறு முனையுடைய வெள்ளை வயிரம் இந்திரனுக்கும், புலியின் கண்போன்ற நிறத்தது தீக்கடவுளுக்கும், வாற்கோதுமை வடிவினது வாயுவுக்கும் உரியன. இயற்கையில் விளையும் வயிரப் படிகம் பெரும்பாலும் எட்டு முகமும் ஆறு முனையும் உடையதாதலின், இந்திரனுக்குரிய வயிரத்தை வகுத்தவர் கல்லைக் கையிலேந்திப் பார்த்தவரே எனலாம்.

மணிகள் எவ்வாறு தோன்றின என்பது பற்றி மூன்று கொள்கைகளை அந்நூல் குறிக்கின்றது. வலன் என்னும் அசுரனிடமிருந்து பிறந்தன என்பர் ஒரு சாரார். ததீசி முனிவரிடமிருந்து என்பர் வேறு சிலர். நிலத்தின் இயல்பினாலேயே கற்கள் வேறுபடுகின்றன என்பர் மற்றொரு சாரார். இம்மூன்றாவது கருத்தை ஆசிரியர் விரியாது விட்டமை நமக்கு ஓர் இழப்பேயாம். வலன் கதை தமிழிலும் நன்கு வேரூன்றியது. திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தில் அவனது குருதி மாணிக்கமாகவும், பல் முத்தாகவும், எலும்பு வயிரமாகவும், பித்தம் மரகதமாகவும், கண் நீலமாகவும் மாறியதைக் காண்கின்றோம். நிறத்துக்கு நிறமும் வன்மைக்கு வன்மையும் ஒப்ப அமைத்த புனைவு இது. கோள்களோடு மணிகளைப் பொருத்தியோரும் இந்நெறியையே கைக்கொண்டனர் போலும். செவ்வாய் சிவந்த கோள், பவளம் சிவந்த பொருள். கடலடியில் வளரும் ஒன்று தீயின் பொருளாக எண்ணப்பட்டமைக்கு வேறு காரணம் காண்டல் அரிது.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைவீதியைக் காண்கின்றான். அங்கே வயிரத்தின் காகபாதம், களங்கம் முதலிய குற்றங்கள் சொல்லப்படுகின்றன. முத்துக்குக் காற்றினாலும் மண்ணினாலும் கல்லினாலும் நீரினாலும் குற்றம் நேரும் எனப்படுகின்றது. பூதங்கள் ஈண்டு மணிக்குத் தம் ஆற்றலை அளிப்பனவல்ல. அதன் ஒளியைக் கெடுப்பன. வணிகன் கண்ணுக்கும் சோதிடன் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இது. செந்நீர்மையுடைய முத்துக்கு அங்காரகன் பெயர் இடப்பட்டமையும் நோக்கத்தக்கது. முத்தெல்லாம் திங்களுக்கே என்னும் விதி நிலைத்திருப்பின், செவ்வாயின் பெயர் முத்துக்கு வந்திராது.

இவ்விடத்திற் கவர்ச்சிமிக்க விளக்கம் ஒன்றை ஆராய்தல் வேண்டும். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரல்களாக இருந்தன. பாண்டியர் திங்கள் மரபினர். கண்ணகி பிறந்த சோழநாட்டு மன்னர் ஞாயிற்று மரபினர். முத்து திங்களின் மணி, மாணிக்கம் ஞாயிற்றின் மணி. ஆதலால் சிலம்பு உடைந்தபோது தெறித்தது ஞாயிற்றின் சீற்றமே எனக் கூறத் தோன்றும். கேட்பதற்கு இனிதாயினும் இதனை ஏற்றற்கில்லை. மேற்கூறியவாறு அப்பொருத்தம் அக்காப்பியத்திலேயே நிலைபெறவில்லை. கொற்கைத் துறைமுத்துக்கு உரியவன் பாண்டியன். அவன் தேவியின் சிலம்பில் முத்து இருந்தமைக்கு அவன் கடலே போதிய காரணம். வழக்கைத் தீர்த்தது மணியின் குறிப்புப்பொருள் அன்று, உள்ளிருந்த பொருளின் வேற்றுமையே. கண்ணால் கண்டு ஐயமறத் தெளியும் சான்றாக மணியை வைத்ததனாலன்றோ அக்காட்சி நம்மை இன்றும் நடுங்கச் செய்கின்றது!

அதே காதையில் ஒரே பிறப்பும் ஐவகை அழகும் உடைய மணிகள் என்று இளங்கோவடிகள் குறிப்பது வியக்கத்தக்கது. நமது இரத்தினபுரிப் பகுதியில் ஆற்றுப்படிவுகளைத் தோண்டிச் சரளையை அரித்தெடுப்போர், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகிய கற்களை ஒரே குழியிற் காண்பதுண்டு. இவை மூன்றும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. சிறிதளவு குரோமியம் கலப்பின் மாணிக்கம், இரும்பும் தைத்தானியமும் கலப்பின் நீலம். இதனாற் பண்டைத் தமிழர் இரசாயனம் அறிந்திருந்தனர் என்று முழங்குதல் மிகை. ஒரு மண்ணில் ஒருங்கே கிடைத்தவற்றை ஓரினமாகக் கண்ட தொழிலறிவு அது. அவ்வளவே அதற்குப் பெருமை தரப் போதும். ஆயின் கோள்முறை இவ்வோரினத்தையே ஞாயிற்றுக்கும் சனிக்கும் வியாழனுக்குமாகப் பிரித்துவிட்டது. திங்களுக்குரிய முத்தும் செவ்வாய்க்குரிய பவளமும் அவ்வாறே. இரண்டும் கடல்வாழ் உயிர்கள் ஆக்கிய கல்சியங் காபனேற்றே.