பெர்ல் இழைகளில் நினைவகப் பெருக்கம்

பல இழைகளில் ஓடும் பெர்ல் நிரல், நேரம் ஆக ஆக நினைவகத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டே போகும் கோளாறு. 2002-இல் வந்த பெர்ல் 5.8 பதிப்பின் ‘த்ரெட்ஸ்’ தொகுதியைப் பயன்படுத்தும் நிரல்களில் அடிக்கடி தலைகாட்டுவது.

பெர்ல் இழைகள் தரவை இயல்பாகப் பகிர்ந்துகொள்வதில்லை. புது இழை தொடங்கும்போது, தாய் இழையின் மாறிகளும் ஏற்றப்பட்ட தொகுதிகளும் அப்படியே நகலெடுக்கப்படுகின்றன. 50 எம்பி ஹேஷ் ஒன்றை நிரப்பிவிட்டுப் பத்து இழைகளைத் தொடங்கினால், ஏறத்தாழ 500 எம்பி கூடுதலாகப் போய்விடும். பலர் நினைவகக் கசிவு என்று தேடி அலைவது பெரும்பாலும் இதைத்தான். பெரிய தரவை ஏற்றும் முன்பே இழைகளைத் தொடங்கிவிடுவது எளிய மருந்து.

வேலை முடிந்த இழையை ‘ஜாயின்’ அல்லது ‘டிடாச்’ செய்யாமல் விட்டால் அதன் நினைவகம் விடுபடாது. நிரல் முடியும்போது, ‘ஜாயின்’ செய்யப்படாத இழைகளின் எண்ணிக்கையைப் பெர்லே எச்சரிக்கையாக அச்சிடும். அதைக் கவனியாமல் விடுவோர் ஏராளம். வேலைக்கொரு இழை என்பதை விட்டு, சில நிலையான இழைகளுக்கு ‘த்ரெட் கியூ’ என்ற வரிசை வழியே வேலை கொடுப்பது நல்லது.

இழைகளின் எண்ணிக்கை மாறாமலிருந்தும் ‘பிஎஸ்’ கட்டளை காட்டும் ஆர்எஸ்எஸ் (நிரல் அப்போது பிடித்திருக்கும் நினைவக அளவு) ஏறிக்கொண்டே போனால், அந்த வரிசையில் வேலை தேங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்த சந்தேகம் சுழல் சுட்டுகள்: பெர்ல் சுட்டு எண்ணிக்கையை நம்பியே நினைவகத்தை விடுவிப்பதால், ஒன்றையொன்று சுட்டும் இரு பொருள்கள் விடுபடுவதில்லை. ‘ஸ்கேலர் யூட்டில்’ தொகுதியின் ‘வீக்கன்’ அந்த முடிச்சை அவிழ்க்கும். விடுவித்த நினைவகம் பெரும்பாலும் இயங்குதளத்துக்குத் திரும்பாமல் மறுபயன்பாட்டுக்கே நிற்கும் என்பதால், ஆர்எஸ்எஸ் இறங்காதது மட்டுமே கசிவுக்குச் சான்றாகாது.