கேப்டன் மெரடித் முதல் கேரட் வரை

சர்க்கரை வியாதி வந்தா சாப்பாட்டுல கை வைக்கணும்னு இன்னிக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனா எதுல கை வைக்கறதுன்னு 200 வருஷத்துக்கும் மேல பஞ்சாயத்து நடந்துட்டு இருக்கு.

1797ல் ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர், கேப்டன் மெரடித் என்ற பீரங்கிப்படை அதிகாரிக்கு வைத்தியம் பார்த்த கதையை எழுதினார். தாவர உணவிலிருந்துதான் வயிற்றில் சர்க்கரை உண்டாகுது என்பது அவர் கட்சி. அதனால மெரடித்துக்குக் கிடைச்சது ரத்தமும் கொழுப்பும் சேர்த்த பண்டம், நாள்பட்ட இறைச்சி, ஊசிப்போன கொழுப்பு. படிக்கும்போதே குமட்டுது, ஆனா மனுஷன் தேறிட்டார்!

1870-71ல் பாரிஸ் நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, தன் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதை பூஷார்தா கவனித்தார். இந்தக் குறைவா சாப்பிடற யோசனையை அமெரிக்காவின் ஃபிரடெரிக் ஆலன் 1914 வாக்கில் அதன் எல்லைக்கே கொண்டு போனார். சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை பட்டினி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உணவு, சர்க்கரை தலைகாட்டினா மறுபடி பட்டினி.

கொடூரமாத் தெரியலாம். ஆனா இன்சுலினே சுரக்காத குழந்தைகளுக்கு அன்னிக்கு வேற வழியே இல்லை. எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமிக்கு 1919ல் நோய் தெரிந்தபோது வயசு 11. ஆலனோட பத்தியத்தில் மூணு வருஷம் தாக்குப்பிடிச்சு, 1922 ஆகஸ்டில் டொராண்டோவில் பாண்டிங்கிடம் வந்தபோது எடை சுமார் 20 கிலோ. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு 20 கிலோ! அங்கே இன்சுலின் கிடைச்சது. அப்புறம் கல்யாணம், குழந்தைகள் எல்லாம் ஆகி, 73 வயசு வரைக்கும் இருந்தார். ஆலன் அவரைக் குணப்படுத்தலை, மருந்து வர்ற வரைக்கும் உயிரோட வச்சிருந்தார். அதைச் சாதாரணமா ஒதுக்கிட என்னால முடியலை.

எலிசபெத் இறந்தது 1981. அதே வருஷம், அதே டொராண்டோவிலிருந்து டேவிட் ஜென்கின்ஸ் குழுவோட கட்டுரை வந்தது. அதுவரைக்கும் 'சீனி வேகமா ஏறும், மாவுச்சத்து மெதுவா ஏறும்'ங்கறதுதான் வேதவாக்கு. ஜென்கின்ஸ் டாகுமென்டேஷனை நம்பாம ரன் பண்ணிப் பார்த்தார் :-) 62 உணவுகள். ஒவ்வொண்ணுலயும் 50 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கற அளவு எடுத்து, ஆரோக்கியமானவங்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை அளந்தார். குளுக்கோஸ் 100 என்றால் வெள்ளை அரிசி 72, வெள்ளை ரொட்டி 69, சீனி 59, ஐஸ்கிரீம் 36, பருப்பு 29. இதுதான் கிளைசீமிக் இன்டெக்ஸ்.

சீனியை ரொட்டி ஜெயிச்சது எப்படி? சீனியில் பாதி ஃபிரக்டோஸ், அது நேரடியா ரத்த குளுக்கோஸை ஏத்தாது. ரொட்டியில் வெந்து இளகிய மாவுச்சத்தோ சடக்குன்னு முழுசும் குளுக்கோஸா உடைஞ்சிடும். ஐஸ்கிரீமில் இருக்கற கொழுப்பு, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதுக்காக ஐஸ்கிரீமைப் பத்திய உணவுன்னு கிளம்பிடாதீங்க மக்கா.

பாவம் கேரட்தான். அந்தப் பட்டியலில் அதுக்கு 92! பல பேர் பயந்துபோய் ஒதுக்கினாங்க. 50 கிராம் கார்போஹைட்ரேட் கிடைக்க முக்கால் கிலோ கேரட்டாவது திங்கணும்ங்கறதை யாரும் யோசிக்கலை. அளவையும் சேர்த்துக் கணக்கிடும் 'கிளைசீமிக் லோடு' ஹார்வர்டிலிருந்து 1997ல்தான் வந்தது. பிற்காலப் பட்டியல்களில் கேரட்டோட சராசரி 50க்கும் கீழே இறங்கிடுச்சு.