நானூறு ரூபாய் ரட்ஜும், கழட்டிப் பார்த்த நாயுடுவும்

வெளிநாட்டுப் பழைய பைக் வாங்கி வச்சிருக்கிறது இன்னைக்குப் பெரிய இடத்துச் சமாச்சாரம். தொடச்சுப் பளபளன்னு நிறுத்தி, வர்றவங்ககிட்ட காட்டி, மறுபடி போர்வை போத்தி மூடிடுவாங்க. ஆனா நம்ம கொங்குச் சீமையில இந்த ஆசைக்கு நூறு வருசத்துக்கு மேல வயசு. அதை ஆரம்பிச்சு வச்சவர்கள்ல ஒருத்தர் பணக்காரர் இல்லை மக்களே, ஓட்டல்ல சப்ளை பண்ணவர்!

ஆமாங்க, ஜி.டி. நாயுடுதான். 1893-ல் கோயமுத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் ஒரு வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி வச்சிருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாம குதிரையும் இல்லாம ஒரு வண்டி தானா ஓடுது! அவ்வளவுதான், தூக்கம் போச்சு. ஊரை விட்டுக் கோயமுத்தூர் வந்து, ஓட்டல்ல வேலைக்குச் சேர்ந்து, மூணு வருசம் காசு சேர்த்து, நானூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்னு சொல்லுவாங்க. அன்னைக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த ரட்ஜ் எப்படிப்பட்ட வண்டின்னு கொஞ்சம் பார்ப்போம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி முதல்ல சைக்கிள் செஞ்சது. 1911-ல்தான் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. ஒத்தை சிலிண்டர் எஞ்சின், பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட்டுதான். அடுத்து வந்த 'மல்ட்டி' மாடல்ல புல்லியோட அகலத்தையே கூட்டிக் குறைச்சு வேகத்தை மாத்துற மாதிரி செஞ்சாங்க. இன்னைக்கு ஸ்கூட்டியில இருக்கிற கியர் இல்லாத ஏற்பாட்டுக்கு இது ஒரு பெரியப்பா மாதிரி. 1914-ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டி.டி. பந்தயத்தையே ரட்ஜ்தான் ஜெயிச்சது.

சரி, வண்டியை வாங்கினவர் என்ன செஞ்சார்? ஊரைச் சுத்தி வந்து மீசையை முறுக்கல. மொத்தமாக் கழட்டிப் போட்டுட்டார்! ஒவ்வொரு பாகமும் எதுக்குன்னு பார்த்து, திரும்பவும் மாட்டி ஓட வச்சார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, கெட்டுப் போனா கவென்ட்ரிக்குத்தான் எழுதிப் போடணும். அந்தத் தைரியம்தான் அவரை மெக்கானிக் ஆக்கினது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோட பொள்ளாச்சி - பழனி ரூட்ல இறங்கினார். அதுதான் பின்னாடி யூ.எம்.எஸ். என்கிற பெரிய பஸ் கம்பெனி ஆச்சு.

என் கட்சி இதுதான்: அந்த வண்டி அவருக்கு சாமான் இல்லை, பாடப் புஸ்தகம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுறவங்களையும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்குக் கீழே படுத்துக் கிடக்கிறவங்களையும் பார்த்தா இது சட்டுனு புரியும். காலேஜ் இல்லை, கை அழுக்குதான் சர்ட்டிபிகேட்.

புல்லட் கதையும் இதே ஜாதிதான். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊர் வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. முதல்ல அங்கேருந்து பாகங்கள் வரும், திருவொற்றியூர்ல மாட்டுவாங்க. அப்புறம் எல்லாமே இங்கேயே செய்யக் கத்துக்கிட்டாங்க. 1970 வாக்கில் தாய்க் கம்பெனி படுத்தே போச்சு. 1977-ல் நம்ம மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு! கழட்டி மாட்டத் தெரிஞ்சவன் கையிலதான் வண்டி உயிரோட இருக்கும்ங்கிறதுக்கு இதை விட என்ன சாட்சி வேணும்?

பழைய புல்லட் வச்சிருந்தவங்களுக்குத் தெரியும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். டீகம்ப்ரசர் பிடிச்சு, ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் மெதுவா மிதிச்சு, அப்புறம்தான் ஒரே கிக். முரட்டுத்தனமா உதைச்சா அதுவும் திருப்பி உதைக்கும். வண்டியைப் புரிஞ்சுக்காதவன் அதை ஓட்டவே முடியாது.

இன்னைக்கு அரசாங்கமும் பழைய வண்டிக்குத் தனி மரியாதை கொடுத்திருக்கு. 2021-ல் வந்த விதிப்படி 50 வருசம் தாண்டின, பெரிசா எதையும் மாத்தாத வண்டியை விண்டேஜ்னு பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர் பிளேட்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். ஆனா தினமும் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடன்னு கணக்கா எடுக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா பிளேட் மட்டும் வண்டியைக் காப்பாத்தாது. பழைய இங்கிலீஷ் வண்டி நட்டுக்கு நம்ம மில்லிமீட்டர் ஸ்பானர் சரியா உட்காராது, அழுத்தித் திருப்பினா முனை மழுங்கிடும். எதுக்கு எந்த ஸ்பானர்னு தெரிஞ்ச பெரியவங்க ஒவ்வொருத்தராப் போயிட்டு இருக்காங்க. வண்டியை விட அவசரமாக் காப்பாத்த வேண்டியது அந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

அதனால, உங்க வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ தாத்தா காலத்து வண்டி ஏதாவது கிடந்தா, காயலான் கடைக்கு எடை போடுறதுக்கு முன்னாடி பக்கத்து ஊர்ப் பழைய மெக்கானிக்கை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டுங்க. கூடவே வீட்டுப் பையனையும் பக்கத்துல உட்கார வச்சு, ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க.