இசைத்தட்டு எண்களும் ஜாஸ் வரலாறும்

முன்னுரை

வரலாறு எழுதப் புகுவார்க்கு முதற்கண் வேண்டுவன மூலச் சான்றுகளாம். ஏட்டில் வாழ்ந்த இலக்கியத்திற்குச் சுவடி எத்தகைய சான்றோ, அத்தகைய சான்று ஜாஸ் இசைக்கு ஒலிப்பதிவுத் தட்டு. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், சிறப்பாக நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த அவ்விசையின் உயிர்நிலை, இசைப்போர் அவ்வப்பொழுதே தம் கற்பனையாற் புனைந்து இசைக்கும் பகுதியில் உள்ளது. தாளில் எழுதிய சுரக்குறிப்பில் அஃது அடங்குவதன்று. இசைத்த அப்பொழுதே காற்றோடு கலந்து மறைவது. மறையாது எஞ்சியது தட்டிற் பதிந்த பகுதி ஒன்றே. ஆதலின், ஒரு தட்டு எந்நாளில், எவ்வூரில், எவரெவரால் இசைக்கப்பெற்றது என அறியாமல் ஜாஸ் இசையின் வளர்ச்சியை வரையறுத்துக் கூறல் இயலாது.

இவ்வினாக்களுக்கு விடை தேடும் ஆராய்ச்சித் துறையை மேலைநாட்டார் டிஸ்காகிரஃபி என்பர். நாம் அதனை இசைத்தட்டு அடைவு என வழங்குவோம். அடைவு என்றவுடன் விலைப்பட்டியல் போன்றதொரு வறண்ட தொகுப்பே பலர்க்கும் நினைவில் எழும். அது பொருந்தாது. அடைவு செய்வோன் மேற்கொள்வது பலவகைச் சான்றுகளை எடைபோட்டு உண்மை காணும் வரலாற்று ஆராய்ச்சியேயாகும். இதனை ஈண்டுச் சில சான்றுகளால் நிறுவ முயல்வோம்.

துறையின் தோற்றம்

தட்டுகளை வெளியிட்ட குழுமங்கள் விற்பனைக்கு வேண்டிய செய்திகளையே அச்சிட்டன. தட்டின் முகப்பில் குழுவின் பெயர் இருக்கும். குழுவில் இசைத்தோர் யாவர் என்பது பெரும்பாலும் இராது. இக்குறையை நிரப்ப முதலில் முயன்றோர் ஐரோப்பிய நாட்டு இசையன்பர்களே என்பது கருதத்தக்கது. 1936 ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஷார்ல் டெலோனே என்பார் 'ஹாட் டிஸ்காகிரஃபி' என்னும் நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டனில் ஹில்டன் ஷ்லெமன் தொகுத்த 'ரிதம் ஆன் ரெக்கார்டு' வெளிவந்தது. அமெரிக்காவில் ஓரின் பிளாக்ஸ்டோன் 1945 முதல் 'இண்டெக்ஸ் டு ஜாஸ்' என்னும் தொகுதிகளை வெளியிட்டார். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் இசைத்தட்டு நூலகத்திற் பணியாற்றிய பிரயன் ரஸ்ட், 1961 இல் முதன்முதல் வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தி விரித்த 'ஜாஸ் ரெக்கார்ட்ஸ்' இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. 1942 க்குப் பிற்பட்ட தட்டுகளை டென்மார்க்கு நாட்டு யோர்கன் குருன்னெட் யெப்சன் தொகுத்தார். 1992 முதல் கனடா நாட்டு டாம் லார்ட் வெளியிட்டுவந்த பெருந்தொகுதி அனைத்துக் காலத்தையும் தழுவியது.

இந்நூல்களின் அமைப்பு முறைகள் ஒன்றல்ல. டெலோனே இசைஞர்தம் வரலாற்றுச் சிறப்பினை நோக்கித் தட்டுகளை வகுத்தார். யார் முன்னோடி, யார் வழிவந்தோர் என்னும் தம் மதிப்பீட்டை அவ்வைப்பு முறையாலேயே உணர்த்தினார். ரஸ்ட் பெயர்களை அகரவரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பெயரின்கீழும் பதிவுகளை நாள்முறையில் அடுக்கினார். முன்னது திறனாய்வு நோக்குடையது. பின்னது சான்றுகளை வைத்துவிட்டு முடிவைப் படிப்போர்க்கு விடுவது. காலப்போக்கில் பின்னதே நிலைபெற்றது.

அச்சு எண்ணின் இயல்பு

அடைவாளன் நம்பும் சான்றுகளுள் தலையாயது மேட்ரிக்ஸ் எண் எனப்படும் அச்சு எண்ணாகும். இதன் இயல்பை விளங்கிக்கொள்ளப் பழைய தட்டு உருவாகும் முறையை அறிதல் வேண்டும். இசைக்கும் ஒலி முதலில் தடித்த மெழுகுத் தட்டில் கோடாக வெட்டப்படும். அம்மெழுகின்மேல் உலோகப் பூச்சு ஏற்றி எதிர்ப்படி எடுப்பர். அதிலிருந்து படிப்படியாக அச்சுகள் செய்து, அவற்றால் அரக்குக் கலவையை அழுத்தித் தட்டுகளை ஆக்குவர். ஒவ்வொரு பதிவுக்கும் தனியெண் ஒன்று வழங்கப்படும். முகப்புத் தாளுக்கும் ஒலிக்கோட்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் அவ்வெண்ணைப் பொறிப்பது பெரும்பான்மை வழக்கம். ஒரே பாட்டை இருமுறை மும்முறை இசைத்துப் பதிந்திருப்பின், எத்தனையாம் முறை என்பதனைக் காட்டும் துணையெண் அல்லது எழுத்தும் உடன் வரும். இதனை டேக் என்பர்.

விற்பனை எண் வேறு, அச்சு எண் வேறு என்பதை மறத்தலாகாது. விற்பனை எண் தட்டு வெளிவந்த வரிசையைக் காட்டும். அச்சு எண் பதிவான வரிசையைக் காட்டும். ஆகவே நாள் குறிக்கப்படாத பதிவு ஒன்றன் அச்சு எண், நாள் தெரிந்த இரு பதிவுகளின் எண்களுக்கு இடைப்படுமாயின், அதன் காலத்தையும் அவ்விரண்டற்கு இடையே கொள்ளலாம். ஆயினும் இவ்விதி ஒரே குழுமம் ஒரே வரிசையில் எண் வழங்கியவிடத்தே செல்லும். வெவ்வேறு நகரங்களுக்கு வெவ்வேறு எண் தொகுதிகளை முன்னரே ஒதுக்கிய குழுமங்களும் உண்டு. ஆண்டு இவ்விதியைக் கண்மூடிக் கொள்வோர் வழுவுவர்.

டேக் எண்ணும் சிறு செய்தியன்று. 1945 நவம்பர் 26 ஆம் நாள் சார்லி பார்க்கர் சவாய்க் குழுமத்திற்காக இசைத்த பாட்டுகளுள் முதலில் விலக்கப்பெற்ற பதிவுகளும் பின்னர் வெளியிடப்பட்டன. அவற்றை ஒப்புநோக்குவோர், ஒரே பாட்டினுள் அவர் ஒருமுறை புனைந்ததை மறுமுறை அவ்வாறே கூறாமையைக் காண்பர். சுவடிகளில் பாடவேறுபாடு பெரும்பாலும் எழுதுவோர் பிழையால் நேர்வது. ஈண்டோ வேறுபாடே கலையாகின்றது. எனவே எந்த டேக் எனக் குறிப்பிடாமல் பார்க்கர் இசையை ஆராய்தல், எந்தப் பாடம் எனக் கூறாமல் செய்யுளுக்கு உரை காண்பதை ஒக்கும்.

முதல் தட்டு எது?

அச்சு எண்ணின் ஆற்றலை விளக்கச் சிறந்ததொரு சான்று 1917 ஆம் ஆண்டுப் பதிவுகள் பற்றிய வழக்காகும். 'ஒரிஜினல் டிக்சிலாண்டு ஜாஸ் பாண்டு' என்னும் குழுவினர், நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த வெள்ளையர் ஐவர், 1917 பிப்பிரவரி 26 ஆம் நாள் நியூயார்க்கு நகரில் விக்டர்க் குழுமத்திற்காக இரு பாட்டுகளைப் பதிந்தனர். அவற்றின் அச்சு எண்கள் 19331, 19332 என்பன. விற்பனை எண் 18255. இதுவே முதலில் வெளிவந்த ஜாஸ் தட்டு என்பது பொதுக் கொள்கை.

ஆயின் இதற்கும் முற்பட்ட பதிவு ஒன்று உண்டு என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அவ்வாண்டு சனவரி இறுதியிலேயே கொலம்பியாக் குழுமம் இக்குழுவினரை அழைத்துப் பதிந்தது என்றும், அவ்விசையை வெற்றிரைச்சல் எனக் கருதிக் கிடப்பில் இட்டது என்றும், விக்டர்த் தட்டு பெருவிற்பனை கண்டபின் அதனை வெளியிட்டது என்றும் கூறினர். குழுவின் தலைவரான நிக் லரோக்காவின் நினைவுகளைத் தழுவி எச். ஓ. பிரன் 1960 இல் வெளியிட்ட நூலும் இக்கதையைக் கூறிற்று. கேட்போர்க்கு இனிய கதையாதலின் அது நூலுக்கு நூல் பரவிற்று.

கொலம்பியா வெளியிட்ட தட்டின் எண் ஏ 2297. அதன் ஒருபுறம் கறுப்பினப் பாடலாசிரியர் ஷெல்டன் புரூக்சு இயற்றிய 'டார்க்டவுன் ஸ்ட்ரட்டர்ஸ் பால்', மறுபுறம் 'இண்டியானா'. இவற்றின் அச்சு எண்கள் 77086, 77087 என்பன. இவ்வெண்களைக் குழுமத்தின் பதிவுக் குறிப்புகளோடு ஒப்பிட்டபோது, அவை சனவரி மாதத்தைச் சார்ந்தன அல்ல, 1917 மே 31 ஆம் நாளைச் சார்ந்தன என்பது தெளிவாயிற்று. கிடப்பில் இட்டதாகக் கூறப்பெற்ற தட்டு, விக்டர்ப் பதிவுக்கு மூன்று திங்கள் பிற்பட்டதாயிற்று. சனவரியில் வேறொரு முயற்சி நிகழ்ந்திருத்தல் கூடும் என வாதிப்பார்க்கு இடமுண்டு; ஆனால் நம் கைக்கு வந்துள்ள தட்டு அம்முயற்சிக்குச் சான்றாகாது.

இதனாற் பெறப்படுவது யாது? சனவரிக் கதையை எழுதிய நூல்கள் பல. அவை ஒன்றையொன்று பார்த்தெழுதியனவாயின், பத்து நூல்களும் ஒரே சான்றாகவே எண்ணப்படும். ஒரே மூலச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதிய படிகள் எத்தனையாயினும் மூலத்தின் வலிமைக்கு மேல் வலிமை பெறாமை, சுவடி ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் நன்கறிந்ததே.

முதல் தட்டும் முதல் இசையும்

'முதல் தட்டு' என்பதை 'முதல் இசை' என மயங்குதலும் கூடாது. பிற்காலத்தில் லரோக்கா, ஜாஸ் வெள்ளையர் படைப்பே என்றும் கறுப்பினத்தார்க்கு அதில் பங்கில்லை என்றும் வாதிட்டார். தட்டின் நாளொன்றையே நோக்குவோர்க்கு இக்கூற்றுப் பொருந்துவது போலத் தோன்றும். நியூ ஆர்லியன்சைச் சேர்ந்த கறுப்பினக் குழுவினர் இசைத்த ஜாஸ் தட்டு, கிட் ஓரி 1922 இல் கலிபோர்னியாவில் பதியும்வரை வெளிவரவில்லை. அத்தட்டுகளிலும் நார்ட்ஸ்காக் என்னும் குழுமத்தின் முகப்புத் தாளின்மேல், விற்போரின் 'சன்ஷைன்' முகப்பு ஒட்டப்பட்டது. கிங் ஆலிவர் குழு, இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டு நகரில் கென்னெட்டுக் குழுமத்திற்காக இசைத்தது 1923 ஏப்பிரல் 5, 6 ஆகிய நாள்களில்.

ஆனால் இம்முறைவைப்புக் காட்டுவது யார் முதலில் இசைத்தனர் என்பதை அன்று. எவரை முதலில் பதியக் குழுமங்கள் விரும்பின என்பதையே. நியூ ஆர்லியன்சில் பெரும்புகழ் பெற்ற கார்னெட்டு இசைஞர் பட்டி போல்டன் 1907 இலேயே மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றார். அவர் இசையைப் பதிந்த உருளை ஒன்று இருந்தது எனக் கூறுவர், அது கண்டெடுக்கப்படவில்லை. அடைவில் அவர்க்கு ஒரு வரியும் இல்லை. வரி இன்மையால் இசை இன்றாகாது.

பெயர் மறைதலும் பெயர் மீட்டலும்

நாளினும் அரிது, இசைத்தோர் பெயர் காணல். ஒப்பந்தத் தளையால் இசைஞர் பலர் புனைபெயர் பூண்டனர். ஓக்கே குழுமத்திற்கு உரியவராயிருந்த ஆம்ஸ்ட்ராங்கு, 1926 இல் வொக்காலியன் குழுமத்திற்காக 'லில்ஸ் ஹாட் ஷாட்ஸ்' என்னும் பெயர்க்குள் மறைந்து இசைத்தார். 1953 மே 15 ஆம் நாள் டொரண்டோ நகரில் இசைத்த பார்க்கர், தட்டில் 'சார்லி சான்' ஆனார். டியூக்கு எலிங்டன் குழு 'ஜங்கிள் பாண்டு', 'ஹார்லம் ஃபுட்வார்மர்ஸ்' முதலிய பல பெயர்களில் வெளிவந்தது.

புனைபெயரின் பின்னே இனவேற்றுமையும் இருந்தது. கறுப்பினக் கித்தார்க் கலைஞர் லானி ஜான்சனும் வெள்ளையரான எட்டி லாங்கும் 1928, 1929 ஆம் ஆண்டுகளில் இணைந்து இசைத்தபோது, லாங்கின் பெயர் 'பிளைண்டு வில்லி டன்' என மாற்றப்பட்டது. இருவர் ஓரறையில் அமர்ந்து ஒத்திசைத்த உண்மையை முகப்பு மறைத்தது. அடைவு அதனை மீட்டது.

குழுமத்தின் ஏடுகள் எஞ்சியவிடத்து இப்பணி எளிது. விக்டரின் பதிவேடுகள் பெரிதும் எஞ்சியுள்ளன. அவற்றின் அடிப்படையில் தொடங்கிய அடைவு, இன்று சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இணையவழி அடைவாக விரிந்துள்ளது. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் குழுமம் ஒன்று நடத்திய பாரமவுண்டு நிலையத்தின் நிலை வேறு. கறுப்பினத்தாரின் இசையை மிகுதியாகப் பதிந்த அந்நிலையம் 1930 களில் மறைந்தபோது அதன் ஏடுகளும் பெரும்பாலும் அழிந்தன. கிங் ஆலிவர் குழு 1923 இறுதியில் ஆங்குப் பதிந்தவற்றின் நாளை, 'ஏறத்தாழ' என்னும் அடையுடனேயே அடைவுகள் குறிக்கின்றன.

ஏடு இல்லாதவிடத்து எஞ்சுவன முதியோர் நினைவும் ஆராய்வோர் செவியுமே. நியூ ஆர்லியன்சிலுள்ள துலேன் பல்கலைக்கழகம் 1958 முதல் இசைஞர்தம் வாய்மொழிகளைத் தொகுத்தது. செவிச்சான்றின் எல்லைக்குப் பிக்ஸ் பைடர்பெக்கு எடுத்துக்காட்டாவார். 1929 இல் அவர் நலங்குன்றியபோது, அவர் பாணியைப் பின்பற்றிய ஆண்டி செக்ரெஸ்டு அதே குழுவிற் சேர்ந்தார். அவ்வாண்டுப் பதிவுகள் சிலவற்றில் ஒலிக்கும் கார்னெட்டு இவ்விருவருள் எவருடையது என்பதில் தேர்ந்த செவியினரும் வேறுபடுவர். இத்தகைய இடங்களில் வினாக்குறி இட்டு நிறுத்துவதே அடைவாளனின் நேர்மை. வினாக்குறியை நீக்கி எழுதும் பின்னோன், தன்னை அறியாமலே பொய்யை வரலாறாக்குகின்றான்.

பதிவில்லாக் காலம்

சான்றின்மையும் சிலபோது சான்றாகும். 1942 ஆகஸ்டு 1 முதல் அமெரிக்க இசைஞர் சங்கம் வணிகப் பதிவுகளை மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. டெக்கா 1943 செப்டம்பரிலும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலுமே சங்கத்தோடு உடன்பட்டன. ஆதலின் இக்காலத்தைச் சார்ந்ததாகக் கூறப்படும் விக்டர், கொலம்பியாக் குழுப் பதிவு எதனையும் ஐயுற்றே கொள்ளல் வேண்டும். இவ்விடைவெளியில்தான் பார்க்கரும் டிசி கில்லெஸ்பியும் 1943 இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் ஒருங்கே இசைத்தனர். அக்குழுவின் வணிகத் தட்டு ஒன்றும் இல்லை. 1945 இல் வெளிப்பட்ட புதிய பாணி திடீரெனப் பிறந்ததுபோலத் தோன்றுவது இதனாலேயாம். பிறப்பு மறைவில் நிகழ்ந்தது. நாம் காண்பது வளர்ந்த நிலை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் போதரும். ஒன்று: பொருளின்மேற் பொறித்த எண், பிற்கால நினைவினும் வலிய சான்று; ஆயின் அவ்வெண் வழங்கப்பெற்ற முறையறிந்தே அதனைக் கொள்ளல் வேண்டும். இரண்டு: ஒன்றையொன்று தழுவிய நூல்கள் பலவாயினும் சான்று ஒன்றே. மூன்று: அடைவு பதிவானவற்றின் வரலாறேயன்றி இசைக்கப்பட்டவை அனைத்தின் வரலாறு அன்று, பதியப்படாதோர்க்கு அதில் இடமில்லை என்பதை நினைவிற்கொண்டே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

தட்டின் ஓரத்தில் உள்ள ஐந்து இலக்க எண் ஒன்றன்பொருட்டு ஆண்டுக்கணக்கில் உழைப்பது வீண் என எண்ணுவாரும் உளர். அவ்வெண்ணின் துணையால் ஒரு கட்டுக்கதை நீங்கியது. மறைக்கப்பட்ட கலைஞர் பலர் தம் பெயரைத் திரும்பப் பெற்றதும் இத்தகைய உழைப்பினாலேயே. கூலி பெற்று இசைத்துப் பெயரின்றிப் போனார்க்கு அவர் பெயரை அவர் இசையோடு சேர்த்து வழங்குதல் வரலாற்று ஆசிரியன் செலுத்தவேண்டிய கடனாகும்.