எண்ணிக்கொண்டே உழுதவன்

ராசிபுரம் பக்கம் மக்காச்சோளக் காட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டொனால்டு ஞாபகம் வரும். யார் இந்த டொனால்டு?

1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என்கிறோமே, அதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதில் முதல் குழந்தை, மிசிசிப்பி மாநிலத்து டொனால்டு டிரிப்லெட். எதையாவது எண்ணுவான், அளப்பான். அதுதான் அவன் உலகம்.

1942-ல் பெற்றோர் அவனை ஒரு குத்தகை விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். 1945-ல் போய்ப் பார்த்த கானர் அசந்துபோனார். அளந்துகொண்டே இருக்கிறானா? 'கிணறு வெட்டு, ஆழம் எவ்வளவுன்னு வந்து சொல்லு' என்றிருந்தார்கள். மக்காச்சோள வரிசையைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறானா? 'உழுதுக்கிட்டே எண்ணு!' பையன் குதிரை பூட்டிய ஏரை அழகாகத் திருப்பி ஓட்டினான். அவன் குணத்தை மாற்றவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

1971-ல் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று கானர் தேடினார். அரசு மனநல மருத்துவமனைகளுக்குப் போனவர்கள் இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். டொனால்டு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்! கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார். 89 வயது வரை வாழ்ந்து, 2023-ல்தான் மறைந்தார்.

இந்தக் கதையை நம்மூருக்குக் கொண்டுவருவோம். 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. சேலமோ நாமக்கல்லோ, 18 வயதைத் தாண்டியவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் வேண்டுமென்றால் கலெக்டர் இடம்பெறும் மாவட்டக் குழுவிடம் பெற்றோர் மனுக் கொடுக்கலாம். கையெழுத்துப் போட ஆள் கிடைத்துவிடும். ஆனால் 'எங்களுக்குப் பொறவு இவன் என்னங்க பண்ணுவான்?' என்ற தாயின் கேள்விக்கு அந்தக் காகிதத்தில் பதில் இல்லை.

சிறப்புக் கல்வி என்றாலே நமக்குக் குழந்தையும் வகுப்பறையும்தான். குழந்தை வளராதா என்ன? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம், ஆட்டிசமுள்ள பெரியவர்களுக்குத் துணைநிற்பவர்களுக்காகவே தனி முதுநிலைப் பாடம் தொடங்கியது. அப்படியொன்று இந்தச் சமவெளிக்கும் வேண்டும்.

பாடத்துக்கு எங்கே போவது? நாமக்கல் கோழிப்பண்ணையில் தட்டுக்கு 30 முட்டை. எண்ணப் பிடித்தவருக்கு அங்கே மரியாதையான வேலை இருக்கலாம். இன்னொருவருக்குத் தறிச் சத்தமே ஆகாது. அவருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறுகிற அந்த விருப்பு வெறுப்பைப் பொறுமையாகக் கவனிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதுதான் அந்தப் படிப்பு.

மிசிசிப்பி தம்பதி எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் செய்தார்கள். நாம் புத்தகம் போட்டாவது செய்யலாமே!