டீப்பாய்க்கு எத்தனை கால்?

போன மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வந்த மறுநாளே ஹாலில் கிடந்த டீப்பாயைப் பார்த்து, "தாத்தா, இதைக் கொஞ்சம் அலங்காரம் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். என் மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, நாலு நாள் செய்தித்தாள் எல்லாம் ஜன்னல் மேடைக்கு இடம் மாறின. அவற்றின் இடத்தில் ஒரு மூங்கில் தட்டு, இரண்டு மெழுகுவத்தி, சின்னத் தொட்டியில் ஒரு செடி, யாரும் படிக்காத கனமான படப் புத்தகம் ஒன்று. பொருள்கள் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாதாம். முப்பத்தைந்து வருடம் கோப்பு அடுக்கியவன் நான். எனக்கு எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால்தான் திருப்தி.

"காபி டேபிளை ஏன் டீப்பாய்ன்னு சொல்றீங்க? நம்ம வீட்டில யாரு டீ குடிக்கிறாங்க?" என்றாள். நியாயமான கேள்வி.

டீப்பாய்க்கும் தேநீருக்கும் சம்பந்தமே இல்லை. இந்துஸ்தானியில் 'திபாய்' என்றால் மூன்று கால் உள்ளது, அதாவது நம் முக்காலி. கட்டிலுக்குச் 'சார்பாய்', நாலு கால் என்று சொல்வதைப் பார்த்து, வெள்ளைக்காரர் யாரோ தீன் என்ற இந்திச் சொல்லையும் பாய் என்ற பாரசீகச் சொல்லையும் ஒட்டவைத்து உண்டாக்கியிருக்க வேண்டும் என்று யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி சொல்கிறது. சொல் கப்பலேறி இங்கிலாந்து போனதும் அங்கே உள்ளவர்கள் முதல் எழுத்தைத் தேயிலை என்று நினைத்துவிட்டார்கள். லண்டன் கடைகளில் கால் வைத்த தேயிலைப் பெட்டிக்கே அந்தப் பெயர் வந்தது. நாமோ அந்தச் சொல்லை வாங்கி, நாலு கால் மேசைக்குச் சூட்டி, அதன்மேல் காபியை வைத்தோம். மேசை என்பதே போர்த்துக்கீசியச் சொல்தான். அலமாரியும் ஜன்னலும் சாவியும் அந்த வழியாக வந்தவையே.

நம் பழைய கூடத்தில் இப்படி ஒரு பொருளுக்கு வேலை இருக்கவில்லை. ஜமக்காளத்தில் உட்கார்ந்தவர்முன் வெற்றிலைத் தட்டு தரையில் இருக்கும், தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் இருக்கும். நாற்காலியில் உட்காரும் பழக்கமும் காபி குடிக்கும் பழக்கமும் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் டம்ளரை வைக்க முழங்கால் உயரத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் டீப்பாயும் இல்லை.

நான் முதலில் பார்த்த அலங்கார மேசை புதுச்சேரியில். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அது 'சொல்தா வீடு'. அவர் கூடத்தைச் 'சலோன்' என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் சலவைக்கல் வட்டப் பலகையும் ஒற்றைத் தண்டும் கொண்ட சின்ன மேசை, 'கெரிதோன்' என்பார். அதன்மேல் லேஸ் துணி, ஒரு பீங்கான் ஜாடி, தெகோல் படம். பசங்கள் தொட்டால் தொலைந்தோம். அந்தக் கெரிதோனின் பூர்வீகத்தைப் பிறகுதான் படித்தேன். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் அது தட்டையோ விளக்கையோ ஏந்தி நிற்கும் கறுப்பு வேலைக்காரனின் உருவமாகவே செதுக்கப்பட்டதாம். பிற்பாடு ஆள் மறைந்து தண்டு மட்டும் நின்றது.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சொல்தா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, அம்மாவின் ஊரான குடியாத்தத்துக்கு வந்து, தமிழ் மொழித் தேர்வு எழுதி, வட ஆற்காடு மாவட்டத்தில் குமாஸ்தா ஆனேன். (அந்த ஒரு மாவட்டம் இன்று நாலு மாவட்டம். நான் முத்திரை குத்திய காகிதங்கள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றனவோ!)

1978-இல் ஆம்பூர்ப் பக்கம் மாற்றல். பஸ் ஊருக்குள் நுழையும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துப் பழைய முறை, தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டுவது. கடுக்காய் எதற்கு என்றால், ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும், அதைத் தடுக்கத்தான். அரைகுறையாகப் பதனிட்ட தோல் கப்பலில் சீமைக்குப் போகும். செருப்புக்கு உள்தோலாகும், புத்தக அட்டையாகும். 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, அப்படியே அனுப்பாதே, முழுப் பொருளாக்கி அனுப்பு என்று அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. நான் போன நேரம் ஷூ, பை, பர்ஸ் என்று ஊர் மாறிக்கொண்டிருந்தது.

ஒருமுறை பிரான்சிலிருந்து வந்த வியாபாரிக்குப் பேச்சு மாற்றிச் சொல்ல என்னை ஒரு தோல் வியாபாரி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சாப்பாடு தரையில் தஸ்தர்கான் விரித்துத்தான். ஆனால் முன் ஹாலில் கண்ணாடி போட்ட டீப்பாய். அதன்மேல் அத்தர் குப்பி, பேரீச்சம்பழத் தட்டு, பக்கத்தில் வளையத்தில் கோத்த தோல் மாதிரித் துண்டுகள். பிரெஞ்சுக்காரர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். தோலால் பிழைக்கும் அந்த ஊரில் நான் போன வீடுகளில், வரவேற்பறை மேசைமேல் தோலைப் பார்த்தது அங்கே மட்டும்தான்.

எங்கள் வீட்டு டீப்பாயை 1979-இல் ஆசாரியை வைத்துச் செய்தோம். தேக்குச் சட்டம், மேலே சன்மைக்கா. மனைவி குரோஷா ஊசியில் வெள்ளை விரிப்பு பின்னினாள். பிளாஸ்டிக் ரோஜா, பித்தளைத் தட்டு, கீழ்த்தட்டில் விகடனும் கல்கியும். அப்பாவின் பிரெஞ்சு அகராதி ஒன்று, தோல் முதுகு போட்டது, எப்போதும் மேலே இருக்கும். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக மூடி வைப்பார்கள்.

அடுத்த ஓரிரு வருடத்தில் ஒரு டேனரித் தொழிலாளி, மகனின் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். பெரிய உதவி ஒன்றும் செய்யவில்லை. ஒரு கோப்பை மேலிருந்து கீழே விடாமல் பார்த்துக்கொண்டேன். சான்றிதழ் கிடைத்த வாரம் வீட்டுக்கு வந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை நீட்டினார். "காசு இல்ல சார். துண்டுத் தோல்ல நானே செஞ்சது. டீப்பாய் மேல போடலாம்" என்றார். ஆவாரம்பட்டைத் தோல், வெளிர் மஞ்சள். ஓரம் முழுக்க மெழுகு நூலால் கைத்தையல். நாலு மூலையிலும் ஆவாரம்பூ அச்சு.

அவர் போனதும் அம்மா, "சாமி அலமாரிக்கு எதிர்லயா?" என்று மட்டும் கேட்டார். அதே அலமாரிக்குப் பக்கத்தில் என் தம்பியின் மிருதங்கம் பட்டுத்துணி போர்த்தி இருந்தது. அகராதி மேசைமேல் இருந்தது. நான் இரண்டையும் சொல்லவில்லை. விரிப்பை அதே தாளில் சுற்றிப் பரணில் போட்டேன்.

சில மாதம் கழித்து மகனோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீப்பாயைப் பார்த்தார். வெள்ளைக் குரோஷா, பிளாஸ்டிக் ரோஜா. ஒன்றும் கேட்கவில்லை. காபி கொடுத்தோம், டீப்பாய்மேல் வைக்காமல் கையிலேயே பிடித்துக் குடித்தார். அவர்கள் போன பிறகு அந்த இரண்டு டம்ளரும் மற்றவற்றோடு சேராமல் கொல்லைக் குழாயடியில் இருந்ததை நான் பார்த்தேன். தீண்டாமைக் குற்றச் சட்டத்தை 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றித் திருத்தியபோது, வந்த சுற்றறிக்கையை நகல் எடுத்து ஃபிர்க்கா தோறும் அனுப்பியவன் நான். டீக்கடை இரட்டைக் குவளை பற்றி யாராவது பேசினால் கோபமாகத் தலையாட்டுவேன்.

பிறகு அந்த மனிதர் வரவில்லை.

டீப்பாய்மேல் அப்புறம் என்னென்னவோ மாறின. ரோஜா போய் டி.வி. ரிமோட் வந்தது. பாலாற்றுப் படுகையில் கிணறுகள் உப்பாகிப்போயின. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வருகிறவருக்கு முதலில் வைக்கும் செம்புத் தண்ணீரும் அந்த வருடங்களில் கேன் தண்ணீர் ஆகிவிட்டது. அந்த வழக்கைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அம்மா 1994-இலேயே போய்விட்டார். விரிப்பை எடுத்துப் போட அதற்குப் பிறகும் எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது. போன மாதம் பேத்தி, "மெழுகுவத்திக்குக் கீழே போட ஏதாவது இருக்கா?" என்று பரணைக் குடைந்ததால் வெளியே வந்தது. விறைத்துப்போயிருந்தது; கொஞ்சம் எண்ணெய் தடவியதும் இளகியது. யார் செய்தது என்று கேட்டாள், மேலே எழுதியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் பேர் என்ன தாத்தா?" என்றாள்.

பேர் தெரியும். சான்றிதழில் மகன் பேருக்குக் கீழே தட்டச்சு செய்தவனே நான்தான். ஆம்பூரில் பழைய நண்பர் ஒருவரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மகன் ஏதோ ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்ததாகக் கேள்விப்பட்டாராம். எந்தக் கம்பெனி என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். மெழுகுவத்தியை எடுத்துவிட்டேன், மாத்திரை டப்பா திரும்பி வந்துவிட்டது. விரிப்பு அங்கேயே இருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் காட்டியிருப்பார் போலும். ஜன்னல் பக்கத்து ஓரம் இந்த ஒரு மாதத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. செடித்தொட்டி இருக்கும் இடம் மட்டும் வட்டமாக, கொடுத்த அன்று இருந்த மஞ்சளிலேயே இருக்கிறது.